மூணு பெல்ட் போச்சு, நாலாவதும் போறதுக்கு முன்னாடி கிளட்ச் அலைன்மென்ட் பாக்கணுமா?

#1 வெள்ளைத்தடம்
எல்லாருக்கும் வணக்கம். இந்த சீசன்ல மட்டும் என் ஸ்லெட்ல (பனியில ஓட்டுற ஸ்னோமொபைல்) மூணு டிரைவ் பெல்ட் (முன் கிளட்ச்சையும் பின் கிளட்ச்சையும் இணைக்கிறது) போயிருச்சு. மொதல்ல 400 கிலோமீட்டர், அடுத்தது 250, நேத்து போனது 300 கூட தாண்டல. மூணுமே ஒரிஜினல் பெல்ட், நம்பர் சரி பாத்து வாங்குனது, புதுசா போட்டதும் மெதுவா ஓட்டி பழக்குனேன், ஏறுன உடனே முறுக்கல. ஸ்லெட் ரெண்டு ஸ்ட்ரோக், மூணு வருஷம் ஓடிருக்கு, கிளட்ச் ரெண்டும் கம்பெனில வந்தபடியே இருக்கு, அதுக்குள்ள இருக்குற வெயிட், ஸ்பிரிங் எதுவும் மாத்தல. நேத்து காட்டுக்குள்ள பெல்ட் அறுந்து நின்னப்போ கையில ஸ்பேர் ஒன்னுதான் இருந்துச்சு, அதப் போட்டுட்டு வீடு வர்ற வரைக்கும் வயித்துல புளிய கரைச்சுது. சர்வீஸ் ஆள கேட்டா பெல்ட் அப்படித்தான் போகும்னு சொல்லிட்டாரு. நான் அத ஏத்துக்கல. ரெண்டு கிளட்ச்சும் நேரா இல்லாம அலைன்மென்ட் விலகியிருந்தா இப்படி ஆகுமா? பாக்கணும்னா எங்க ஆரம்பிக்கணும்?

#2 ரப்பர்_வாசனை
பெல்ட்ல லாட் கோளாறு இருக்கும் ப்ரோ. வேற கம்பெனி பெல்ட் போட்டுப் பாருங்க. அலைன்மென்ட் எல்லாம் ஃபேக்டரில வச்சு அனுப்புறது, அதுல கை வச்சா இருக்குறதும் கெட்டுப்போகும்.

#3 ஜாக்ஷாஃப்ட்
தம்பி, அறுந்த பெல்ட்ட தூக்கிப் போட்டுடல இல்ல? அதுதான் உனக்கு முக்கியமான சாட்சி. பெல்ட் எப்படி செத்துதுன்னு பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சுரும். ஒரே ஒரு இடத்துல மட்டும் இடுப்பு மாதிரி ஒடுங்கி கருகியிருந்தா ட்ராக் (ஸ்லெட்டுக்கு அடியில சுத்துற ரப்பர் பட்டை) பனியில ஒட்டிக்கிட்டு நகராம இருந்தப்போ ஆக்சிலேட்டர முறுக்கியிருக்கன்னு அர்த்தம், பெல்ட் நின்ன இடத்துலயே பிரைமரி (என்ஜின்ல இருக்குற முன் கிளட்ச்) அத தேச்சு எடுத்துருக்கும். ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா வழுக்கல், எண்ணெயோ ஸ்பிரிங் தளர்ச்சியோ பாக்கணும். கத்தில வெட்டுன மாதிரி குறுக்கால நேரா துண்டா போயிருந்தா திடீர் அடி, இல்லன்னா ஸ்பேர பெட்டியில மடக்கி அமுக்கி வச்சதுல உள்ள நூல் முறிஞ்சிருக்கலாம். உள்பக்கத்து பல்லு பல்லா பிச்சிக்கிட்டுப் போயிருந்தா அது வேற கத. ஆனா ஓரத்து நூலு ஒரு பக்கமா பிரிஞ்சு தொங்குச்சுன்னா, இல்ல பெல்ட் குப்புற கவுந்து புரண்டிருந்துச்சுன்னா, மொதல்ல அலைன்மென்ட்டத்தான் சந்தேகப்படணும். எதுன்னு பாத்து எழுது.

#4 வெள்ளைத்தடம்
அண்ணே, மூணுல ரெண்டு இன்னும் ஷெட்லதான் கெடக்கு, இப்பத்தான் டார்ச் அடிச்சு பாத்துட்டு வந்தேன். ரெண்டுலயும் ஒரே கத. ஒரு பக்கம் ஓரம் நல்லா இருக்கு, ரப்பர் முகம் மங்கலா சீரா தேஞ்சிருக்கு. இன்னொரு பக்கம் ஓரத்துல இருக்குற நூலு வெளிய வந்து, பழைய பாய் ஓரம் பிரிஞ்ச மாதிரி, ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் நூலா தொங்குது. கையில புடிச்சு இழுத்தா இன்னும் வருது. நேத்து அறுந்ததுல அந்த நூலு பிரைமரிக்குப் பின்னாடி கிராங்க (என்ஜின் ஷாஃப்ட்ட) சுத்தி கயிறு மாதிரி இறுகிக்கிட்டு, வெட்டி எடுக்க அரை மணி நேரம் ஆச்சு. ஃபோட்டோ போட்டுருக்கேன்.

#5 ஜாக்ஷாஃப்ட்
அப்போ சந்தேகமே இல்ல. அந்த மஞ்சள் நூல்தான் அராமிட், பெல்ட்டோட மொத்த இழுவையையும் தாங்குறது அதுதான், ரப்பர் சும்மா புடிமானத்துக்கு. ஓரத்து நூலு மட்டும் ஒரு பக்கமா பிரியுதுன்னா பெல்ட் நேரா ஓடல, கோணலா ஒரு முகத்துல உரசிக்கிட்டே ஓடுது. சூடும் அங்கதான் பொறக்குது. முழு வேகத்துல கிராங்க் நிமிஷத்துக்கு 8000 சுத்துக்கிட்ட போகுது, அந்த வேகத்துல ஒரு மில்லிமீட்டர் கோணல்னாலும் எத்தன தடவ உரசும்னு நெனச்சுப் பாரு.

வேற கம்பெனி பெல்ட் போட்டா 300க்கு பதிலா 350 ஓடும், அவ்ளோதான். ரப்பர்_வாசனை தம்பி கோச்சுக்க வேணாம், ஃபேக்டரில வச்சது ஃபேக்டரில இருந்தப்போ சரியா இருந்துச்சு. மூணு வருஷத்துல என்ஜின தாங்குற ரப்பர் மவுண்ட் தேஞ்சிருக்கும், ஜாக்ஷாஃப்ட் (பின் கிளட்ச் மாட்டியிருக்குற ஷாஃப்ட்) பேரிங் ஆடியிருக்கும், ஒரு கல்லு மேலயோ மரக்கட்ட மேலயோ விழுந்து சேஸ்ஸி மயிரிழ வளஞ்சிருக்கும். அலைன்மென்ட் ஒரு தடவ வச்சா ஆயுசுக்கும் நிக்குற விஷயம் இல்ல.

#6 புதுசறுக்கி
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கவும். நான் போன வருஷம்தான் ஸ்லெட் வாங்குனேன். அலைன்மென்ட்னா ரெண்டு கிளட்ச்சும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும், அவ்ளோதானே? ஆஃப்செட், பேரலல்னு ரெண்டு வார்த்த சொல்றாங்களே, ரெண்டும் ஒன்னா?

#7 மலையேறி
ரெண்டும் வேற வேற தம்பி, இத மட்டும் புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

மேல இருந்து பாக்குறன்னு வச்சுக்க. முன்னாடி பிரைமரி, என்ஜின் கிராங்க்ல. பின்னாடி செகண்டரி, ஜாக்ஷாஃப்ட்ல. ரெண்டு தட்டும் ஒன்னுக்கொன்னு இணையா நிக்குதான்னு பாக்குறது பேரலல், அதாவது ரெண்டுல ஒன்னு திரும்பி கோணலா நிக்கக் கூடாது. இணையாவே இருந்தாலும் ஒன்னு உள்ள தள்ளியும் ஒன்னு வெளிய தள்ளியும் இருக்கலாம் இல்லயா, அந்தத் தள்ளல் எவ்வளவுங்குறது ஆஃப்செட். கதவ எடுத்துக்க. சட்டத்துல கோணலா மாட்டுன கதவும் மூடாது, நேரா மாட்டியும் ஒரு விரல் தள்ளி மாட்டுனா அதுவும் மூடாது.

இன்னொன்னு. ரெண்டு கிளட்ச்லயும் ஒரு தட்டு நிலையா நிக்கும், இன்னொன்னு நகரும். பிரைமரில நிலையான தட்டு என்ஜின் பக்கம், செகண்டரில நிலையான தட்டு வெளிப்பக்கம், எதிரும் புதிருமா வச்சிருப்பாங்க. ஏன்னா பிரைமரி மூடி பெல்ட் மேல ஏற ஏற பெல்ட் பக்கவாட்டுல கொஞ்சம் உள்ள நகரும், அதே நேரத்துல செகண்டரி திறந்து பெல்ட் கீழ இறங்கும்போது அங்கயும் அதே பக்கம் நகரணும். அப்போதான் புறப்படுறப்போவும் நேரா இருக்கும், முழு வேகத்துலயும் ஏறக்குறைய நேரா இருக்கும். ஏறக்குறையன்னு சொன்னதுக்குக் காரணம், ரெண்டு பக்கத்து நகர்வும் கச்சிதமா சமமா வராது. அதனாலதான் ஆஃப்செட் அளவு ஒவ்வொரு மாடலுக்கும் தனியா புக்குல கொடுத்துருக்காங்க. அந்த நம்பர ஊகிக்கக் கூடாது, பக்கத்து ஸ்லெட்காரர்கிட்ட கேட்டும் வைக்கக் கூடாது.

#8 வெள்ளைத்தடம்
அக்கா, இவ்வளவு தெளிவா எனக்கு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. சர்வீஸ் புக் எடுத்துட்டேன், அலைன்மென்ட் பார் (நேரா இருக்கான்னு அளக்குற கம்பி) ஒரு நண்பர்கிட்ட வாங்கிருக்கேன், என் மாடலுக்கானதுதான். நாளைக்கு அளந்து எழுதுறேன். அளக்குறப்போ எத கவனிக்கணும்?

#9 ஜாக்ஷாஃப்ட்
மொதல்ல சாவிய எடுத்துரு, டெதர் கயிற (ஓட்டுறவர் விழுந்தா என்ஜின நிறுத்துறது) கழட்டிரு, பெல்ட் கார்ட (பெல்ட்ட மூடியிருக்குற மூடிய) திறந்துக்கிட்டு எந்தக் காரணத்துக்கும் என்ஜின ஓட விடாத. அறுந்த பெல்ட் துண்டு கார்டையே கிழிச்சுக்கிட்டு வந்தத நான் கண்ணால பாத்துருக்கேன்.

பெல்ட்ட கழட்டு. ரெண்டு கிளட்ச்சோட முகத்தையும் சுத்தமா துடை. நைலான் நார் பேட்ல லேசா தேச்சுட்டு ஆல்கஹால் நனைச்ச துணில துடைச்சா போதும், அழுக்கு மேல பார வச்சா அழுக்கத்தான் அளப்ப. செகண்டரிய அதோட டூல் வச்சு திற, பார உள்ள சொருகு, அது நிலையான தட்டோட ஒட்டி ஆடாம உக்காரணும். பாரோட முன்பக்கம் பிரைமரிக்கு நேரா நீட்டிக்கிட்டு வரும். இப்போ பாருக்கும் பிரைமரியோட நிலையான தட்டுக்கும் நடுவுல இருக்குற தூரத்த ரெண்டு இடத்துல வெர்னியர் வச்சு எடு, ஒன்னு தட்டோட பின் ஓரத்துல, செகண்டரிய பாத்த பக்கம், இன்னொன்னு முன் ஓரத்துல. மூணு தடவ எடு. மூணும் ஒத்துப்போகலன்னா பார் சரியா உக்காரலன்னு அர்த்தம்.

பின் ஓரத்து அளவு ஆஃப்செட். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் பேரலல்.

#10 புதுசறுக்கி
வித்தியாசம் பூஜ்யமா வரணும்தானே?

#11 ஜாக்ஷாஃப்ட்
இங்கதான் பல பேரு சறுக்குறாங்க. நிறைய மாடல்ல பூஜ்யம் வரக் கூடாது. முன் ஓரத்து அளவு பின்ன விட ஒரு மில்லி, ஒன்றரை மில்லி கூடுதலா இருக்கணும்னு புக்கே சொல்லும், குறைவா மட்டும் இருக்கவே கூடாது. ஏன்னா நீ அளக்குறது என்ஜின் தூங்குறப்போ. ஓடுறப்போ பெல்ட் பிரைமரிய செகண்டரி பக்கம் பின்னாடி இழுக்கும், அது சின்ன இழுப்பு இல்ல. என்ஜின் ரப்பர் மேல உக்காந்திருக்கு, அதனால கிளட்ச் இருக்குற பக்கம் பின்னாடி போகும், மொத்த என்ஜினும் லேசா திரும்பும். திரும்புனா பிரைமரியோட முன் ஓரம் வெளிய வரும். அந்த திரும்பல முன்கூட்டியே கணக்குல எடுத்துத்தான் நிக்கிறப்போ முன் ஓரத்த கொஞ்சம் உள்ள தள்ளி வைக்கிறாங்க, இழுவை வந்ததும் நேராகிடும்.

#12 ரப்பர்_வாசனை
இது எனக்கு உண்மையிலேயே தெரியாது. நான் போன வருஷம் என் ஸ்லெட்ட நூல் புடிச்ச மாதிரி பூஜ்யத்துக்கு வச்சேன், ரொம்ப கரெக்டா வச்சுட்டோம்னு நெனச்சேன். அதுக்கப்புறம்தான் பெல்ட் சீக்கிரம் போக ஆரம்பிச்சுது, பெல்ட் தரம் கொறஞ்சு போச்சுன்னு மூணு கம்பெனி மாத்திட்டேன்.

#13 மலையேறி
அப்போ உங்க ஸ்லெட்டையும் ஒரு தடவ அளந்துருங்க. புக்குல உங்க மாடலுக்கு என்ன வித்தியாசம் போட்டுருக்குன்னு மொதல்ல பாருங்க.

#14 வெள்ளைத்தடம்
அளந்துட்டேன், மூணு தடவையும் ஒத்துப்போச்சு. புக்குல ஆஃப்செட் 35.5 மில்லி, முன் ஓரம் அத விட 1.5 கூட இருக்கணும்னு போட்டுருக்கு. எனக்கு வந்தது பின் ஓரம் 34.1, முன் ஓரம் 33.2. அதாவது ஆஃப்செட் 1.4 கம்மி, முன் ஓரம் கூட இருக்க வேண்டிய எடத்துல 0.9 கம்மி. நிக்கிறப்பவே தப்பு பக்கம் திரும்பிருக்கு, ஓடுறப்போ இன்னும் எவ்ளோ திரும்பும்னு நெனச்சாலே மூணு பெல்ட் எப்படி தாங்குச்சுன்னு ஆச்சரியமா இருக்கு. மவுண்ட் போல்ட்ட தளத்தி என்ஜின நகத்தவா?

#15 ஜாக்ஷாஃப்ட்
நகத்தாத. போல்ட்ல கை வைக்காத.

என்ஜின் ஏன் திரும்புச்சுன்னு தெரியாம நகத்துனா காரணம் அப்படியே இருக்கும், நம்பர் மட்டும் சரியாகும், 100 கிலோமீட்டர்ல பழைய எடத்துக்கே வந்து நிக்கும். மொதல்ல மவுண்ட்ட பாரு. வெளிய இருந்து பாத்தா ரப்பர் நல்லாத்தான் தெரியும். ஒரு கடப்பாரைய என்ஜினுக்கும் சேஸ்ஸிக்கும் நடுவுல குடுத்து மெதுவா நெம்பு, உலோகத்துக்கும் ரப்பருக்கும் ஒட்டுன இடம் வாயத் திறக்குதான்னு டார்ச் வச்சுப் பாரு. நாலு மவுண்ட்டையும் பாரு, குறிப்பா கிளட்ச் பக்கத்து முன் மவுண்ட்.

அப்படியே இன்னும் சிலத பாத்துரு. ஜாக்ஷாஃப்ட்ட கையால மேலயும் கீழயும் ஆட்டிப் பாரு, டொக்குன்னு ஆடுனா பேரிங் போச்சு. செகண்டரியோட நகரும் தட்ட புடிச்சு ஆட்டு, புஷ் (உள்ள இருக்குற வளையம்) தேஞ்சிருந்தா தட்டு தலையாட்டும், அதுக்கு நீ என்ன அலைன்மென்ட் வச்சாலும் பிரயோஜனம் இல்ல. கிளட்ச்சுக்குள்ள இருக்குற ரோலர், பட்டன் எல்லாம் ஒரு பக்கமா தேஞ்சிருக்கான்னும் பாரு.

#16 வெள்ளைத்தடம்
அண்ணே, இருக்கு. கிளட்ச் பக்கத்து முன் மவுண்ட்தான். கடப்பாரைய வச்சு ஒரு இஞ்ச் நெம்புறதுக்குள்ள ரப்பர் உலோகத்த விட்டு பிரிஞ்சு வாய் மாதிரி திறந்துச்சு, உள்ள பாத்தா பாதிக்கு மேல விட்டுருச்சு, உள்பக்கம் கருப்பா பொடி பொடியா உதிருது. நெம்புறத விட்டா உதடு மூடுற மாதிரி மூடிக்குது, வெளிய இருந்து பாத்தா சுத்தமா தெரியல. இத ஒரு வருஷமா தினமும் பாத்துக்கிட்டேதான் இருந்துருக்கேன்.

பேரிங் நல்லா இருக்கு, ஆட்டமே இல்ல. செகண்டரி புஷ்ஷும் பரவால்ல. மவுண்ட் ஆர்டர் போட்டுட்டேன், நாலையும் மாத்திடுறேன்.

#17 மலையேறி
நாலையும் மாத்துறதுதான் நல்லது, மூணு பழசு ஒன்னு புதுசுன்னா புதுசு இருக்குற மூலை மட்டும் கெட்டியா நின்னு மறுபடியும் திரும்பும். மாத்தும்போது போல்ட்ட உடனே இறுக்கிடாதீங்க, விரல்ல முறுக்கி விட்டுட்டு, என்ஜின் தானா உக்காந்ததுக்கு அப்புறம் பேரலல் வச்சு, அப்புறம் டார்க் ரென்ச்ல புக்குல சொன்ன அளவுக்கு இறுக்குங்க. இறுக்கிட்டு மறுபடி அளங்க, இறுக்குறதுலயே அரை மில்லி ஓடிடும்.

வரிசை முக்கியம். பேரலல் மொதல்ல, ஆஃப்செட் அப்புறம். என்ஜின் நகர்ந்தா ஆஃப்செட்டும் மாறும், அதனால ஆஃப்செட்ட மொதல்ல வச்சா அந்த வேல வீண். பேரலல் வந்ததும் ஆஃப்செட் என்னன்னு பாத்து செகண்டரிக்குப் பின்னாடி ஷிம் (மெல்லிய வளையத் தகடு) போடுறதோ எடுக்குறதோ பண்ணலாம். உங்களுக்கு அளவு கம்மியா இருந்தா செகண்டரி வெளிய வரணும், அதாவது ஷிம் உள்பக்கம் சேரணும். ஒன்னு கவனிங்க, சில மாடல்ல செகண்டரி ஷாஃப்ட்ல கொஞ்சம் மிதக்குற மாதிரி விட்டுருப்பாங்க, சிலதுல கெட்டியா இறுக்கிருப்பாங்க. மிதக்குற வகையா இருந்தா உள்ள சேத்த ஷிம் அளவுக்கு வெளிப்பக்கத்துல இருந்து எடுக்கணும், இல்லன்னா மிதப்பு போய் செகண்டரி இறுகிடும்.

#18 புதுசறுக்கி
பெல்ட் டைட்டா லூசான்னு பாக்குறது இதுல எங்க வருது?

#19 மலையேறி
அலைன்மென்ட் முடிஞ்சதுக்கு அப்புறம்தான், ஏன்னா செகண்டரிய கழட்டி மாட்டுனா அதுவும் மாறும். பெல்ட் செகண்டரில எவ்ளோ உயரத்துல உக்காருதுன்னு பாரு, தட்டோட விளிம்புக்கு சமமாவோ ஒன்றரை மில்லி வரைக்கும் மேலயோ இருந்தா பெரும்பாலும் சரியா இருக்கும், உன் புக்குல என்ன போட்டுருக்கோ அதுதான் முடிவு. டைட்டா இருந்தா ஐடில்லயே ஸ்லெட் ஊர்ந்துக்கிட்டு போகும், ரிவர்ஸ் போடுறது கஷ்டம். லூசா இருந்தா புறப்படுறப்போ மந்தமா இழுக்கும், ஏன்னா பெல்ட் செகண்டரில உள்ள இறங்கிப் போய் உக்காந்திருக்கும், கீழ் கியர் பலம் முழுசா கிடைக்காது.

#20 வெள்ளைத்தடம்
மவுண்ட் நாலும் மாத்தியாச்சு. என்ஜின் தானா உக்காந்தப்போ அளந்தேன், நம்ப முடியல, பின் ஓரம் 34.3, முன் ஓரம் 35.5. மவுண்ட் மாத்துனதுக்கே முன் ஓரம் 1.2 கூட வந்துருச்சு, ஒரு தட்டு தட்டுனதுல 1.5 ஆச்சு. இறுக்குனப்புறம் பின் 34.2, முன் 35.7. அப்புறம் ஷிம் 1.3 மில்லி உள்ள சேத்து வெளிய இருந்து அதே அளவு எடுத்தேன். கடைசி அளவு பின் 35.5, முன் 37.0. அண்ணே சொன்ன மாதிரி நகத்தாம விட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு.

புது பெல்ட்ட வெதுவெதுப்பான சோப்பு தண்ணில கழுவி காய வச்சு, எழுத்து இடது பக்கத்துல இருந்து படிக்கிற மாதிரி மாட்டிருக்கேன். மொத 50 கிலோமீட்டர் ஒரே வேகத்துல பிடிக்காம ஏத்தி இறக்கி ஓட்டப் போறேன்.

#21 ரப்பர்_வாசனை
நானும் அளந்தேன். என் மாடலுக்கு முன் ஓரம் 1 மில்லி கூட வேணும், எனக்கு பூஜ்யம், நான் வச்ச அதே பூஜ்யம். மவுண்ட் எல்லாம் நல்லா இருந்துச்சு, அதனால என்ஜின நகத்தி 1 மில்லி வச்சுட்டேன். மேல நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன், யாரும் அத நம்பி பெல்ட் வாங்க வேணாம்.

#22 வெள்ளைத்தடம்
300 கிலோமீட்டர் ஓட்டிட்டேன். முன்னாடி ஒரு அரை மணி நேர ஓட்டத்துக்கு அப்புறம் என்ஜின நிறுத்தி, கார்ட திறந்து, வெப்பம் பாக்குற துப்பாக்கிய வச்சா செகண்டரி முகம் 105 டிகிரி காட்டும், கை வைக்கவே முடியாது. இப்போ அதே பாதை, அதே வேகம், 78. இன்னும் கை வைக்க முடியாத சூடுதான், ஆனா எவ்வளவோ கொறஞ்சிருக்கு.

ஆனா எனக்கு இன்னும் திருப்தி இல்ல. கார்டுக்குள்ள பெல்ட் பொடி படிஞ்சிருக்கு, அது ரெண்டு பக்கமும் சமமா இல்ல, பழைய பக்கம்தான் கூட. நூலு எதுவும் பிரியல, ஆனா அந்த ஓரத்துல விரல வச்சு தடவுனா இன்னொரு ஓரத்த விட கூர்மையா தெரியுது. நிக்கிறப்போ மறுபடி அளந்தேன், அளவு கொஞ்சங்கூட மாறல.

#23 ஜாக்ஷாஃப்ட்
அப்போ நிக்கிறப்போ சரி, ஓடுறப்போ தப்பு. என்ஜின் இன்னும் அளவுக்கு மேல பின்னாடி போகுது. புது மவுண்ட்டும் ரப்பர்தான், அதனாலதான் நிறைய ஸ்லெட்ல டார்க் ஸ்டாப்னு ஒன்னு வச்சிருப்பாங்க, கிளட்ச் பக்கம் என்ஜின் பின்னாடி இழுபடாம தடுக்குற ஒரு போல்ட்டும் ரப்பர் தலையும். உன் ஸ்லெட்ல இருக்கா பாரு. பழைய மவுண்ட் தொங்கிக்கிட்டு இருந்த காலத்துல என்ஜின் அது மேல சாஞ்சே கெடந்துருக்கும், இப்போ என்ஜின் அதோட சரியான எடத்துக்கு வந்ததும் நடுவுல இடைவெளி விழுந்துருக்கும்.

எவ்ளோ நகருதுன்னு நிச்சயமா தெரிஞ்சுக்கணும்னா ஒரு வழி இருக்கு. பசங்க விளையாடுற களிமண், கெட்டியானது, கோலிக்குண்டு அளவு உருட்டி என்ஜினுக்கும் சேஸ்ஸிக்கும் நடுவுல, கிளட்ச் பக்கம், சூடு படாத, சுத்துற எதுவும் பக்கத்துல இல்லாத எடத்துல சொருகு. கார்ட மூடு. நல்ல ஏத்தமா பாத்து ஒரு தடவ முழுசா முறுக்கி ஓட்டிட்டு வா. நசுங்குனத எடுத்து அளந்து, நிக்கிறப்போ இருந்த இடைவெளில கழிச்சா என்ஜின் எவ்வளவு போச்சுன்னு கையில இருக்கும்.

#24 வெள்ளைத்தடம்
பண்ணேன் அண்ணே. நிக்கிறப்போ இடைவெளி 11 மில்லி. ஏத்தத்துல முறுக்கிட்டு வந்து களிமண்ண எடுத்தா அப்பளம் மாதிரி தட்டையாகி ஒரு முகத்துல என்ஜின் வார்ப்போட சொரசொரப்பு அச்சு அப்படியே பதிஞ்சிருக்கு, அளந்தா 7.8. மூணு மில்லிக்கு மேல பின்னாடி போகுது.

டார்க் ஸ்டாப் இருக்கு, ஏர்பாக்ஸுக்கு கீழ மறஞ்சிருந்துச்சு. ஃபீலர் கேஜ் போட்டா இடைவெளி 3 மில்லியும் தாண்டுது, புக்குல என் மாடலுக்கு அரை மில்லிக்கும் கம்மியாத்தான் சொல்லுது. லாக் நட்ட தளத்தி அந்த அளவுக்கு வச்சு இறுக்கிட்டேன். என்ஜின தள்ளாம வெறுமனே பக்கத்துல நிக்கிற மாதிரி.

#25 மலையேறி
அந்தக் கடைசி வரி முக்கியம். ஸ்டாப்ப என்ஜின் மேல முட்டுக்குடுத்து இறுக்குனா அதிர்வு நேரா சேஸ்ஸிக்குப் போகும், கைப்பிடி நடுங்கும், அதோட நீங்க வச்ச பேரலலும் தள்ளிப் போகும். அதனால ஸ்டாப்ப வச்சப்புறம் பார திரும்ப போட்டு ஒரு தடவ அளந்துருங்க.

#26 வெள்ளைத்தடம்
அளந்துட்டேன் அக்கா, 35.5, 37.0, மாறல. களிமண்ணையும் மறுபடி வச்சு ஓட்டினேன், இந்தத் தடவ 11ல இருந்து 10.4தான் ஆச்சு.

#27 புதுசறுக்கி
இந்த இழைய மொத்தமா ரெண்டு தடவ படிச்சேன். ஒரு சந்தேகம். அலைன்மென்ட் எல்லாம் சரியா இருந்தும் பெல்ட் போனா?

#28 ஜாக்ஷாஃப்ட்
அப்போ வேற எடத்துல தேடணும். ட்ராக் அளவுக்கு மேல டைட்டா, பிரேக் உரசிக்கிட்டே இருக்கா, கார்டுக்கு காத்து வர்ற வழி பனியால அடைச்சிருக்கா, ஆழமான தூள் பனியில மெதுவான வேகத்துல ரொம்ப நேரம் இழுத்தியா, இதெல்லாம் சூடு ஏத்துற விஷயம். குளிர்ல நின்ன ஸ்லெட்ட எடுத்த உடனே முறுக்குறதும் ஒன்னு, பெல்ட் கட்டையா விறைச்சிருக்கும், ட்ராக் ஒட்டியிருக்கும். பின்பக்கத்த கையால தூக்கி ரெண்டு பக்கமும் ஆட்டி விட்டுட்டு, அஞ்சு நிமிஷம் மெதுவா ஓட்டி சூடாக்கிட்டுக் கிளம்பு. ஆனா எது எப்படின்னாலும் பெல்ட்டப் பாக்காம எதையும் மாத்தாத, மேல சொன்னேனே அதான், பெல்ட்டே காட்டிக் கொடுத்துரும்.

#29 வெள்ளைத்தடம்
ரொம்ப நாள் கழிச்சு எழுதுறேன், சீசன் முடிஞ்சு ஸ்லெட்ட கழுவி வைக்கிறப்போ பெல்ட்ட கழட்டினேன். 1600 கிலோமீட்டர். மாட்டுறப்போ அகலம் 37.2 மில்லி, பெல்ட் உறையிலயே எழுதி வச்சிருந்தேன், இப்போ 36.8. ரெண்டு ஓரத்தையும் விரலால தடவிப் பாத்தேன், எது எந்தப் பக்கம்னு கண்ண மூடிக்கிட்டு சொல்ல முடியல. கார்டுக்குள்ள பொடி லேசா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஸ்பேர ஒரு தடவ கூட எடுக்கல, அது மடங்காம வட்டமா அதே எடத்துல இருக்கு. ஜாக்ஷாஃப்ட் அண்ணனுக்கும் மலையேறி அக்காவுக்கும் மனசார நன்றி, நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா நான் இன்னும் பெல்ட் வாங்கிக்கிட்டேதான் இருந்துருப்பேன்.

#30 ரப்பர்_வாசனை
எனக்கும் 900 கிலோமீட்டர் தாண்டி அதே பெல்ட்தான் ஓடுது. கம்பெனி மாத்தல.

#31 புதுசறுக்கி
நானும் பார் வாங்கி அளந்துட்டேன், மொத தடவ. புக்குல ஆஃப்செட் 36.0, முன் ஓரம் 1.5 கூட. எனக்கு பின் 36.1, முன் 37.4. கடப்பாரை வச்சு நாலு மவுண்ட்டும் நெம்பிப் பாத்தேன், வாய் எதுவும் திறக்கல. ஜாக்ஷாஃப்ட் ஆடல. அப்போ எனக்கு எல்லாம் சரிதானே அண்ணே?

#32 ஜாக்ஷாஃப்ட்
டார்க் ஸ்டாப் இடைவெளி எவ்ளோன்னு எழுதலயே தம்பி.